சிக்குன்குனியாவுக்குப் பிறகு ஏறிய நான்கு கிலோ

கேள்வி: எனக்கு 47 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் ஒரு கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை. உயரம் 156 சென்ரிமீற்றர். போன வருடம் சீனிக்கு இரத்தம் பார்த்ததில் எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. சீனி வருத்தத்தின் வாசலில் நிற்கிறீர்கள், எடையைக் குறையுங்கள் என்றார் வைத்தியர். அப்போது 78 கிலோ. கிழமைக்கு ஐந்து நாள் விடிய மரைன் டிரைவில் முக்கால் மணி நேரம் நடந்தேன். சோற்றைக் குறைத்தேன், பின்னேர ரோல்ஸை விட்டேன். எட்டு மாதத்தில் 70 கிலோவுக்கு வந்தேன். பிறகு சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டுவிட்டது, எடையும் 68க்கு இறங்கியது. ஆனால் கணுக்கால், மணிக்கட்டு, விரல் மூட்டு நோ பத்து வாரமாகியும் விடவில்லை. வைத்தியர் இரண்டு கிழமைக்கு பிரெட்னிசலோன் தந்தார், நல்ல சுகம். முடிந்ததும் நோ திரும்ப வந்ததால் பாமசியில் நானே வாங்கி, கூடுகிற நாட்களில் போடுகிறேன். உடம்பு தேறட்டும் என்று மாமி இரண்டு வேளையும் மோல்ட் கரைத்துத் தருகிறார். இப்போது 74 கிலோ! ஆவணியில் மச்சாளின் மகனுக்குக் கலியாணம். அதற்குள் இரண்டு கிழமை வெறும் சூப்பும் பழச்சாறும் குடித்து இறக்கலாமா? லண்டனில் இருக்கும் தங்கச்சி எடை குறைக்கிற ஊசி கொடுத்துவிடுகிறேன் என்கிறாள். இவர் வீட்டிலேயே நடக்க ஒரு மெஷின் வாங்குவோம் என்கிறார். எட்டு மாதப் பாடு வீணாகிப் போய்விட்டதா?

— வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சூப், ஊசி, மெஷின் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. எனக்கு எடையை விட அதுதான் கவலையாக இருக்கிறது. பாமசியில் நீங்களே வாங்கிப் போடும் அந்தக் குளிசை.

பிரெட்னிசலோன் ஸ்டீரொய்ட் மருந்து. வீக்கத்தை மளமளவென்று இறக்கும், அதனால்தான் போட்ட அன்றே படியில் இறங்க முடிகிறது. அதே குளிசை பசியைக் கிளப்பும், உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கும், இரத்தத்தில் சீனியை ஏற்றும். காலையில் போட்டால் சீனி பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் ஏறும். ஆகவே விடிய வெறும் வயிற்றில் பார்த்த சீனி சரியாக இருந்தது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. எச்பிஏ1சி 6.2 இல் இருந்த ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. நீண்ட நாள் எடுத்தால் தசையையும் மெலிய வைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்தைச் சில வாரம் தொடர்ந்து எடுத்தால், உடம்பு தானாகச் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைக் குறைத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, வாந்தி, எழும்ப முடியாத களைப்பு எல்லாம் வரலாம். நீங்கள் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் போட்டீர்கள் என்று எழுதவில்லை. அதனால் இதை வாசித்த கையோடு குளிசையைத் தூக்கி எறியவும் வேண்டாம், இன்னொரு கார்ட் வாங்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மருந்து எழுதித் தந்த வைத்தியரிடம் போங்கள். எந்தெந்தக் கிழமையில் எத்தனை போட்டீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்தான், ஏசட்டும். மெல்லக் குறைப்பதா, நிறுத்துவதா, வேறு மருந்தா என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். இதனோடு சேர்த்து டைக்ளோபெனாக் மாதிரி நோக்குளிசையும் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வரும் ஆபத்து கூடும். வைத்தியரின் துண்டு இல்லாமல் கேட்டாலும் எடுத்துத் தருகிற பாமசிகள் நம் ஊரில் இருக்கின்றன என்பதற்காக அது பனடோல் மாதிரி மருந்து ஆகிவிடாது.

பத்து வாரமாகியும் நோ விடவில்லை என்பது உங்களுக்கு மட்டும் நடக்கும் அதிசயம் இல்லை. 2006-07 இல் இந்த நோய் இலங்கையைச் சுற்றி வந்தபோதும் இப்படித்தான் இருந்தது, 2025 இல் கொழும்பில் திரும்பப் பரவியபோதும் இப்படித்தான். காய்ச்சல் ஒரு கிழமைக்குள் போய்விடும், மூட்டு நோ வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இழுக்கும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கும், முன்பே மூட்டில் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடுதலாக இழுக்கும். பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்ல விட்டுவிடும். ஆனால் மூன்று மாதம் தாண்டியும் மூட்டு வீங்கி, விடிய எழும்பினால் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாமல் இருந்தால், அது சிக்குன்குனியாவின் மிச்சமா அல்லது வேறு மூட்டுவாதம் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மூட்டுவாத நிபுணர் தேவை. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி இப்போதே திகதி எடுத்து வையுங்கள், காத்திருந்து முறை வருவதற்குள் மூன்று மாதமும் ஆகிவிடும்.

சரி, இனி எடை.

நீங்கள் கணக்குப் பகுதியில் வேலை செய்பவர், அதனால் கணக்காகவே எழுதுகிறேன். நம் உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்றால் சுமார் 7,700 கலோரி. எட்டு மாதத்தில் எட்டு கிலோ இறக்கினீர்கள். ஒரு நாளைக்குப் பிரித்தால் ஏறக்குறைய 250 கலோரி குறைவாகப் போயிருக்கிறது. முக்கால் மணி நேர நடைக்கு உங்கள் எடையில் சுமார் 180 கலோரி செலவாகும். கிழமைக்கு ஐந்து நாள் என்பதை ஏழால் பிரித்தால் நாளொன்றுக்கு 130 சொச்சம். ஆகவே நடை செய்தது பாதி வேலை, மிச்சப் பாதியைச் செய்தது நீங்கள் குறைத்த சோறும் விட்ட ரோல்ஸும்.

இப்போது நோய்க்குப் பிறகான பக்கத்தைப் பாருங்கள். நடை நின்றது, அதனால் 130 போனது. ஆனாலும் சாப்பாட்டில் செய்த மாற்றத்தை விடாமல் இருந்திருந்தால் நாளுக்கு இன்னும் 120 கலோரி குறைவிலேயே ஓடியிருப்பீர்கள். எடை ஏறியிருக்காது, மெதுவாக இறங்கிக்கூட இருக்கலாம். ஆனால் மாமியின் கோப்பை வந்து சேர்ந்தது. இரண்டு கரண்டி மோல்ட், ஆடை எடுக்காத பால்மா, இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஒரு கோப்பைக்கு 250 கலோரி வரும். இரண்டு வேளைக்கு 500. அதில் 120 ஐக் கழித்தால் நாளுக்கு 380 மிகுதி. பத்து வாரத்துக்கு 26,600. அதை 7,700 ஆல் வகுத்தால் மூன்றரைக் கிலோ. மிச்சத்தைக் குளிசை தேக்கிய தண்ணீரின் பக்கம் எழுதலாம். நான்கு கிலோவும் கணக்கில் வந்துவிட்டது. உடம்பு சதம் சதமாகக் கணக்குக் காட்டாது, நான் எழுதியவை எல்லாம் கிட்டத்தட்டத்தான். ஆனாலும் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க இந்த அளவு கணக்குப் போதும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்றால், உங்கள் கடிதம் முழுக்க ஒரே ஒரு எண்ணம்தான் தெரிகிறது. நடக்க முடியவில்லை, ஆகவே எல்லாம் முடிந்தது என்ற எண்ணம். நடையை நோய் பறித்துக்கொண்டது உண்மை. அதைத் திரும்ப வாங்க நாள் எடுக்கும். ஆனால் நான்கு கிலோவில் பெரும்பங்கு நடை நின்றதால் வரவில்லை. கோப்பையிலும் குளிசையிலும் இருந்து வந்திருக்கிறது. அவை இரண்டிலும் கை வைக்கக் கணுக்கால் சுகமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

68 ஐயும் மறந்துவிடுங்கள். அது உங்கள் எடையல்ல, காய்ச்சலின் எடை. சாப்பிடாமல் வியர்த்துப் படுத்திருந்த நாட்களில் தண்ணீரும் கொஞ்சம் தசையும் போயிருக்கின்றன. அதிலிருந்து எண்ணி ஆறு கிலோ ஏறிவிட்டேன் என்று கவலைப்படுவது தப்புக் கணக்கு. 78 இலிருந்து பாருங்கள். இன்றும் நான்கு கிலோ கீழேதான் இருக்கிறீர்கள், தொடங்கிய எடையில் ஐந்து வீதம். சீனி வருத்தத்தின் வாசலில் நிற்பவர்களுக்கு ஐந்து வீதம் குறைந்தாலே உடம்புக்குப் பயன் தெரியத் தொடங்கும். வீணா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

இனி என்ன செய்வது? நான் சொல்வது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அடுத்த மூன்று மாதத்துக்கு எடை குறைக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள். 74 இல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. 73 ஆனால் நல்லது, ஆகாவிட்டாலும் குற்றமில்லை. நோயிலும் ஸ்டீரொய்டிலும் தசை கரைந்திருக்கும் நேரத்தில் பட்டினி கிடந்தால் முதலில் இன்னும் தசைதான் போகும். சாப்பிட்ட சீனியில் பெரும்பங்கை எடுத்துப் பயன்படுத்துவது தசை. அதைத் தொலைத்துவிட்டு எடை இயந்திரத்தில் 70 ஐப் பார்த்து என்ன பயன்?

ஆகவே சாப்பாட்டில் முதல் கவனம் புரதம். உங்கள் எடைக்கு நாளுக்கு 75 முதல் 90 கிராம் வரை வர வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கிரியற்றினின் பார்த்துவிடுங்கள், நோக்குளிசை போட்டவர் என்பதால் அது எப்படியும் பார்க்க வேண்டியதுதான். வழமையாக நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோற்றோடு ஒரு சின்ன மீன் துண்டு, இரவு இடியப்பமும் சொதியும். இப்படிச் சாப்பிட்டால் நாற்பது, நாற்பத்தைந்து கிராமோடு நின்றுவிடும். வயிறு நிறையும், தசைக்குப் போதாது.

பெரிய மாற்றம் ஒன்றும் தேவையில்லை. காலையில் கால் றாத்தல் பாண் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதைப் பாதியாக்கி இரண்டு முட்டை வையுங்கள், 12 கிராம் வந்துவிடும். மத்தியான மீனை உள்ளங்கை அளவாக்குங்கள், அதில் 20 கிராமுக்கு மேல் வரும். சூடை, கும்பளா எதுவானாலும் சரி, பொரிக்காமல் குழம்பாகவோ தீயலாகவோ வையுங்கள். பின்னேரம் மோல்ட் குடிக்கும் நேரத்தில் ஒரு கோப்பை அவித்த கடலையும் சீனி போடாத பிளேன்டீயும். கடலையில் 14 கிராம். கோல் பேஸில் விற்பது மாதிரி எண்ணெயில் வதக்காமல், வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பிரட்டினால் போதும். இரவு இடியப்பத்துக்குச் சொதி மட்டும் போதாது, பருப்போ மிஞ்சிய மீன் குழம்போ கூட வேண்டும். சொதிக்கு முதல் பாலைத் தவிர்த்து இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுங்கள். குளிசை முழுதாக நிற்கும் வரை கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் ஒதுக்கினால் கணுக்கால் வீக்கமும் குறையும், எடையில் உள்ள தண்ணீரும் இறங்கும்.

மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். வருத்தத்தில் கிடந்த மருமகளுக்கு எதையாவது கரைத்துக் கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது, அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். "மாமி, மோல்ட் வேண்டாம்" என்று நிறுத்தினால் அடுத்த நாள் பால்கஞ்சி வரும். செய்ய வேறு வேலை கொடுங்கள். விடிய வல்லாரை இலைக்கஞ்சி, தேங்காய்ப்பால் கொஞ்சமாக, சர்க்கரை இல்லாமல். ஆட்டெலும்பு சூப் வைத்தால் ஆறவைத்து, மேலே கட்டியாகிற கொழுப்பை எடுத்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். முளைவிட்ட பயறு அவிப்பதும் அவர் கையால் நடக்கட்டும். வைத்தியர் எழுதித் தந்தது என்று சொல்லுங்கள். வேண்டுமென்றால் இந்தப் பதிலையே காட்டுங்கள். மோல்ட் ரின்னில் மிஞ்சியதை வீட்டில் யாராவது குடிக்கட்டும். உங்கள் கணவர் மட்டும் வேண்டாம், அவர் வயதையும் இடுப்பளவையும் நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது.

இனி உடற்பயிற்சி. மரைன் டிரைவை இப்போதைக்கு விடுங்கள். நோகிற கணுக்காலோடு கொங்கிறீற் நடைபாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் அடுத்த இரண்டு நாளும் கட்டிலில்தான், பிறகு அந்தக் குளிசைக்குக் கை போகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயோ தொடர்மாடி நடைபாதையிலோ நடவுங்கள். சாப்பிட்ட கையோடு நடக்கும் நடை, சாப்பாட்டால் ஏறும் சீனியைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். ஆகவே அந்த ஐந்து நிமிடத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வருவதும் கணக்கில் சேரும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள்.

எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நடந்து இரண்டு மணி நேரம் கழித்தும், நடப்பதற்கு முன்னால் இருந்ததை விட நோ கூடுதலாக இருந்தால் அன்று செய்தது அதிகம் என்று அர்த்தம், அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தக் கிழமை முடிய ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். கொஞ்சம் நோ இருக்கும், அதோடு நடப்பதில் பிழை இல்லை. சுத்தமாக அசையாமல் இருந்தால் மூட்டு இன்னும் இறுகும்.

தசைக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன், அதை ஒழுங்காகச் செய்தால் போதும். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். நுனியில் இருந்து, பாதம் இரண்டையும் முழங்காலுக்கு நேர்கீழே பதித்து, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு நோகும் ஆட்கள் எழும்பும்போது கதிரைக் கையை அழுத்தி எழும்புவதுதான் மணிக்கட்டை இன்னும் கெடுக்கிறது, அதனால்தான் கையைக் கட்டச் சொல்கிறேன். முன்னால் சாய்ந்து மெதுவாக எழும்புங்கள். இருக்கும்போது இன்னும் மெதுவாக, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி இருங்கள், தொப்பென்று விழ வேண்டாம். ஐந்து தரம், கொஞ்சம் ஆறி மறுபடி ஐந்து தரம். எழும்ப முடியாவிட்டால் கதிரையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் போதும். விடிய விரல் இறுகி இருக்கும்போது, ஒரு பாத்திரத்தில் இளஞ்சூட்டு நீர் எடுத்துக் கையை அமிழ்த்தி, அதற்குள்ளேயே விரலை மடக்கி நீட்டுங்கள். பத்து நிமிடம் போதும், வேலைக்குப் போகும்போது பேனை பிடிக்க இலகுவாக இருக்கும்.

சூப்பும் பழச்சாறும் வேண்டாம். அதில் போதிய புரதம் இல்லை. பழச்சாறு, சீனி ஏறியிருக்கக்கூடிய ஒருவருக்கு நேரடியாகச் சீனி குடிக்கிற மாதிரி. இரண்டு கிழமையில் மூன்று கிலோ இறங்கலாம், அதில் பெரும்பங்கு தண்ணீர், கலியாண வீட்டு முதல் பந்தியோடு திரும்பிவிடும். பிளவுஸை இன்றைய அளவுக்கே தைக்கக் கொடுங்கள்.

ஊசி பற்றி: தங்கச்சி சொல்வது அநேகமாக செமக்ளுடைட்டாக இருக்கும், ஓசெம்பிக் என்று பெயர் அடிபடுகிறதே, அது. தேவையானவர்களுக்கு அது நல்ல மருந்து, நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் கிழமைக்கு ஒரு ஊசி, சின்ன அளவில் தொடங்கி நான்கு கிழமைக்கு ஒருமுறை வைத்தியர் பார்த்துக் கூட்ட வேண்டிய மருந்து. குமட்டலும் வாந்தியும் சாதாரணமாக வரும். கணையத்தில் அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் ஒருவகைத் தைரொயிட் புற்றுநோய் இருந்தவர்களும் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், சிலருக்குக் கொடுக்கவே கூடாது. பாவிக்கத் தொடங்கும் வரை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டும், சூட்கேசுக்குள் சேலைக்கு நடுவில் கட்டுநாயக்க வரை வந்த ஊசியை நான் நம்ப மாட்டேன். எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் உடம்பு ஏற்கனவே தசையை இழந்து நிற்கிறது, அந்த ஊசியில் இறங்கும் எடையிலும் ஒரு பங்கு தசைதான். மூட்டு அடங்கிய பிறகும் எடை அசையவில்லை என்றால் இங்குள்ள வைத்தியரிடமே கேட்டு முடிவெடுக்கலாம். தங்கச்சிக்கு ஏதாவது அனுப்ப ஆசை என்றால், அடி மெத்தென்ற நல்ல நடைச் சப்பாத்து ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கால் அளவை மாலையில் அளந்து கொடுங்கள், வீங்கிய நேரத்து அளவுதான் சரி.

மெஷின் வாங்க வேண்டாம். அது ஓடும் வேகத்துக்குக் கால் ஓட வேண்டும், நோகிற கணுக்காலுக்கு அது ஆகாது, தவறினால் பிடிக்க மணிக்கட்டிலும் பலமில்லை. அந்தக் காசில் ஒரு இயன் மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) சில தரம் போய் வாருங்கள், உங்கள் மூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, அவரால் முடியும்.

எடையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, விடிய, சாப்பிடுவதற்கு முன்னால் பாருங்கள். தினமும் பார்ப்பதை இன்றோடு விடுங்கள், இந்த மருந்தோடு அது ஒரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும், உங்கள் நித்திரைதான் கெடும். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே இடுப்பை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு, அங்கே போய்ச் சேர நாள் எடுக்கும், இப்போது தெரிய வேண்டியது அது கூடுகிறதா இல்லையா என்பது மட்டும்.

வைத்தியரிடம் போகும்போது எச்பிஏ1சி, மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்த சீனி, இரத்த அழுத்தம், கிரியற்றினின், தைரொயிட் ஆகியவற்றைக் கேளுங்கள். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும், ஆகவே குளிசை போட்ட நாட்களும் அதற்குள் வரும். கூடித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் பிறகு பார்ப்போம் என்று விடக்கூடாது. மருந்து முழுதாக நின்று மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்தால்தான் உங்கள் உண்மையான நிலை தெரியும். தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ, ஒரு மூட்டு மட்டும் சிவந்து சுட்டு வீங்கினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோகத் தொடங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ திகதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். திரும்பக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். சிக்குன்குனியா ஒருமுறை வந்தால் மறுபடி வருவது அரிது, ஆனால் அதைக் கொண்டுவரும் அதே நுளம்புதான் டெங்கையும் கொண்டுவருகிறது. டெங்கு இல்லை என்று தெரியும் வரை பனடோல் தவிர வேறு நோக்குளிசை எதையும் தொடாதீர்கள்.

நிபுணர் என்ன சொன்னார் என்றும், இடுப்பளவு எவ்வளவு என்றும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எடை குறைப்பதை எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.